சாமிக்குப் பிடிக்காத சாக்சபோன்

பகலில் சுங்கை காடுட் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவேன். வார இறுதியில் சாக்சபோன் ஊதுவேன். இரண்டுமே அம்மாவுக்குச் சத்தம்தான். என் வாசிப்பை அவர் ஒருமுறையும் முழுதாகக் கேட்டதில்லை. நான் வாத்தியத்தை வாயில் வைத்ததும் அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்து எழுந்துவிடுவார்.

என் கூட்டாளி ஜிம்பாப்வேக்காரர், சிரம்பானில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். சிறு பலகையில் பதித்த இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரல்களால் மீட்டுவார். அதற்கு இம்பிரா என்று பெயர். அவர் ஊரில் அதை வாசித்து முன்னோரை அழைப்பார்களாம். நாங்கள் அதோடு ஜாஸைக் கலந்து, கஃபேக்களில் கேக் தின்ன வருகிறவர்களை அழைத்துக்கொண்டிருந்தோம்.

கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட் கோயில் திருவிழாவில் மேடை கிடைத்தது. சினிமா நடனக் குழு வரத் தாமதம். அந்த அளவுக்குக் கலை ஆர்வம்.

"ஆப்பிரிக்கா பாட்டுலாம் சாமிக்குப் புரியாதுலா" என்றார் கோயில் தலைவர். போன வருடத்துக் குத்துப்பாட்டு சாமிக்கு நன்றாகப் புரிந்திருக்கும் போல.

அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அங்கே அடுப்பு இல்லை. இன்றாவது அவர் கேட்டாக வேண்டும்.

நண்பர் முதலில் தனியாக வாசித்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தலை ஆடியது. ரசிக்கிறார் என்று பூரித்துப் போனேன். கூந்தல் அவிழ்ந்த பிறகுதான் சாமி வந்திருப்பது புரிந்தது. தலைவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நண்பர் நிறுத்தவில்லை, அம்மாவையே பார்த்தபடி, ஆட்டத்துக்கு ஏற்ப வாசித்தார். அவருக்கு இது பழகிய வீட்டு விவகாரம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சாக்சபோனோடு இடையில் புகுந்தேன்.

சாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. "டேய், அத நிறுத்து. அவன் வாசிக்கட்டும்."

நண்பரின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு மலையேறியது. எனக்கு வலித்தது. மனிதன் சொல்லியிருந்தால் அவனுக்கு ஜாஸ் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

காடியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை.

"நீ வாசிச்சியாய்யா?"

"இல்லம்மா. நேரம் இல்லன்னுட்டாங்க."

"அவனுங்க கெடக்கறானுங்க. வீட்டுல வாசி, நான் கேக்கறேன்."

அம்பாங்கானில் எங்கள் வீட்டில், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். வாசித்தேன். இந்த முறை சாமி வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. பாதியில் சோறு தீயும் வாசனை எனக்கே அடித்தது. முடிக்கும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.