அப்பாவின் பதினெட்டு டார்ச்சுகளும் பேனரில் போட்ட ஒரு சொல்லும்

அப்பாவின் உயிர் பிரிந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மாவும் சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தார்கள். அப்பா என்ஜின் பார்த்த தோணியை நடத்தும் தண்டல் அண்ணாச்சி அப்போது ஊரில் இல்லை. மாலத்தீவுக்குச் சரக்கோடு போயிருந்தார். நானும் இல்லை, பாளையங்கோட்டையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பா பிறந்தது வேம்பாறு. பள்ளிக்கூடம் போனதில்லை. பிழைக்கத் தூத்துக்குடிக்கு வந்து, தோணியில் ஏறி, கண்ணால் பார்த்தே என்ஜின் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். குடித்ததில்லை, யாரிடமும் கைநீட்டியதில்லை. வாங்கியதெல்லாம் டார்ச் லைட்தான். பதினெட்டு.

இதற்காக அப்பா கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. "ஒரு பொட்டுத் தங்கம் வாங்க வக்கில்ல, வீடு பூரா டார்ச்சு" என்று சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள். அப்பாவுக்கான இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சிலருக்கும் அது நினைவிருக்கும். என்ஜின் அறை பட்டப்பகலிலும் இருட்டு என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "டார்ச்ச வாயில கடிச்சிக்கிட்டாத்தான் ரெண்டு கையும் நமக்கு" என்பார்கள் அப்பா.

ஒவ்வொரு டார்ச்சிலும் ஒரு டேப் சுற்றியிருக்கும். சிவப்பு, என்ஜின் அறைக்கு. நீலம், தோணியின் அடியில் தேங்கும் தண்ணீரில் விழுந்தாலும் அணையாதது. மஞ்சள், யாராவது இரவல் கேட்டால் கொடுப்பதற்கு. எழுதத் தெரியாத அப்பா எழுதி வைத்தது அவ்வளவுதான். படித்த நான் அதை ஒரு தாளில்கூடக் குறித்து வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகத் தெளிவாகச் சொன்னது: "டார்ச்செல்லாம் தோணிக்குக் குடுத்துருங்க. புதுசா வாரவன் இருட்டுல என்ஜினுக்குள்ள கைய விட்டுரக் கூடாது."

முப்பதாம் நாளுக்குச் சித்தப்பா பேனர் அடித்தார்கள். அப்பாவின் படத்துக்குக் கீழே, 'டார்ச் லைட் சேகரிப்பாளர்'. நான் மறுத்தேன். "ஏலே, சும்மா கெட. என்ஜின்காரன்னு போட்டா எவன் மதிப்பான்?" என்றார்கள். அந்தப் பேனர் படம் போனில் சுற்றி, நாகர்கோவிலில் இருந்து ஒரு பெரியவர் டார்ச்சுகளைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அண்ணன் பொருள் அழுக்காக இருக்கக் கூடாதென்று சித்தப்பா டேப்பையெல்லாம் உரித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று அடுக்கிவிட்டார்கள்.

வந்தவர் நிஜமான சேகரிப்பாளர். நாலைந்தைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, எங்கிட்ட முந்நூறு இருக்கு. ஒண்ணுலயும் செல் கெடயாது, போட்டு வச்சா துரு ஏறிரும். உங்கப்பா வச்சிருந்தது எல்லாமே எரியுது. இது சேகரிப்பு இல்ல, ஆயுதம். வேலைக்காரங்ககிட்ட குடுங்க" என்று காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் தண்டல் அண்ணாச்சி டார்ச்சுகளைத் தோணிக்கு வாங்கிப் போக வந்தார். அடுக்கைப் பார்த்தவர், "என்னவே செஞ்சு வச்சிருக்கீரு! இதுல நீலம் எது?" என்றார். சித்தப்பாவும் நானும் கழற்றிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷர் இருந்தது; எந்த வாஷர் தாங்கும் என்று அப்பாவுக்குத்தான் தெரியும்.

"வாளித் தண்ணியில போட்டுப் பாத்துருவோம். நடுக்கடல்ல போயா தெரிஞ்சுக்கிட முடியும்?" என்றார் அண்ணாச்சி.

பதினெட்டையும் எரியவிட்டு முக்கினோம். ஏழு எரிந்தன. பதினொன்று ஒவ்வொன்றாக மங்கி அணைந்தன. அம்மா உள்ளே எழுந்து போய்விட்டார்கள்.

சித்தப்பா மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார்கள் அம்மா. எழுதிவிட்டேன்.

அப்பாவுக்கு ரத்தம் கொடுத்த துறைமுகத் தொழிலாளர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காமார்களுக்கும், சோறு கொண்டுவந்த முத்தையாபுரத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அப்பாவின் வாக்குப்படி பதினெட்டும் தோணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஏழு அப்பாவுடையவை. தண்ணீர் புகுந்து கெட்ட பதினொன்றுக்குப் பதிலாகச் சித்தப்பாவும் நானும் புதிதாகக் கடையில் வாங்கினோம். ஒன்று நானூற்று நாற்பது. ஆக மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.