குழி ஓய்ந்த மூன்று நாள்

சைகாலைத் திமிர் பிடித்தவள் என்றுதான் எங்கள் ஊர் அக்-தெரெக்கில் பாதிப் பேர் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், அவளுக்குத் திமிரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பயந்த பெண் குழந்தை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெரு, நிலக்கரிக் குழியை ஒட்டின கடைசித் தெரு. வேலிக்கு அந்தப்புறம் லாரிப் பாதை. அதற்கும் அந்தப்புறம் பூமியே கிடையாது, பள்ளம்தான். ராத்திரி பகல் என்றில்லாமல் லாரிகள் உறுமும், பின்னால் வரும்போது கீக்கீக்கென்று கத்தும். மத்தியானம் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு, வெடி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். யாரும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. வீட்டுக்கு ஒருவன் அந்தக் குழியில்தானே வேலை பார்க்கிறான், எப்படிச் சொல்வது?

சைகாலின் புருஷன் மாத்திசாக்கும் அங்கேதான் மண் வாரும் இயந்திரம் ஓட்டினான். அவர்கள் மகள் மீரிமுக்கு ஆறு வயது. சங்கு ஊதினாலே மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும், உடுப்பை நனைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் அதை வைத்துப் பட்டப்பெயர் வேறு. போகப் போகப் பேச்சும் நின்றுபோயிற்று. நாரின் நகரத்து டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்து ஒண்ணும் வேண்டாம்மா, அந்தச் சத்தத்தை விட்டுப் போயிடுங்க" என்றார். எங்கே போவது? குழியோரத்து வீட்டை எந்த மடையன் வாங்குவான்?

வழி ஒன்றுதான் இருந்தது. வீட்டு வாசலில் சத்தம் அளவுக்கு மேல் இருக்கிறதென்று அரசாங்க மிஷின் சொன்னால், குழிக்காரர்கள் மலைப் பக்கம் வேறு வீடு கட்டித் தரவேண்டும். அந்த மிஷினை வரவழைக்க சைகால் நடையாய் நடந்தாள். கொழுந்தன் எர்கேஷ் வாசலிலேயே நின்று கத்தினான். அவனுக்கும் குழியில் லாரி ஓட்டுகிற வேலை.

"ஏன் அண்ணி, எங்க வாயில மண்ணள்ளிப் போடாம அடங்க மாட்டீங்களா?"

"உன் புள்ளைங்க வாயத் தொறந்து பேசுதுல்ல? அந்தக் கொழுப்புடா உனக்கு."

ஒருநாள் என் வேலி மேல் பாதி உடம்பு தெரிய எட்டிக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, அளக்கிறவன் வியாழக்கிழமை வரானாம்! வெடி நேரத்துக்கு வாசல்ல மிஷினை வெச்சிட்டா போதும். அந்தக் குழியே நமக்கு சாட்சி சொல்லிடும்."

பாவி, அத்தனை சந்தோஷம் ஆகாது போல. புதன்கிழமை காலை மாத்திசாக் தன் இயந்திரத்தில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கீழே இறக்கும்போதே உயிர் இல்லை.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். வெள்ளிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. சைகால் கறுப்பு உடுத்தி, கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பிணம் எடுக்கிறவரை அவள் பாடி அழ வேண்டும், வெளியே கால் வைக்கக் கூடாது. வெளியே ஆண்கள் கழியை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்று, வருகிறவர்களோடு சேர்ந்து ஓலமிட்டார்கள்.

குழியின் பெரிய அதிகாரி சாயங்காலம் சாவு விருந்துக்கு அறுக்கவென்று ஒரு குதிரையை ஓட்டிவரச் செய்து தானும் வந்தார். "மாத்திசாக் என் தம்பி மாதிரி. அவனை மண்ணுல வைக்கிற வரைக்கும் அங்க ஒரு எஞ்சின் ஓடாது" என்றார். ஆண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எர்கேஷ் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மகராசன் என்று நாங்கள் எல்லோரும்தான் வாழ்த்தினோம். அளக்க வரும் நாள் அவருக்குத் தெரியாதா என்ன? அது எங்கள் ஒருவர் மண்டையிலும் அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அளக்கிற பையன் மூன்று கால் ஸ்டாண்டும் மிஷினுமாக ஜீப்பிலிருந்து இறங்கினான். நான் மாவுக் கையோடு ஓடினேன்.

"தம்பி, இன்னிக்கு வேண்டாம்ப்பா. சாவு வீடு. குழி ஓடல, பாரு."

"எனக்கு இன்னிக்குத்தாங்க்கா போட்டிருக்காங்க. மிஷின் நாளைக்கு வேற ஊருக்குப் போகணும்."

"ஓடாத குழிய என்னத்தடா அளப்பே?"

"கேக்கிறத அளப்பேன். குழி ஓடலைன்னு ஒரு வரி எழுதிடறேன், போதுமா?"

வந்த விருந்தாளியாயிற்றே! நம் ஆட்கள் அவனை உட்காரவைத்து, கறியும் தேநீரும் கொடுத்து உபசரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடாரத்துக்குள் போய் சைகாலின் காதில் சொன்னேன்.

அவள் அழுகை சட்டென்று நின்றது. பிறகு இதுவரை நான் கேட்காத குரலில் எடுத்தாள்.

"மலையைப் பேத்த மகராசா, மாத்திசாக்கு என் ராசா,
நீ ஓட்டின எஞ்சின் ஓய்ஞ்சிருக்கே, ஓய்ஞ்ச நேரம் சரியில்லே!
கொழுந்தனாரே எர்கேஷே, கூடாரத்து வாசலில் நிக்கிறீரே,
போயி எஞ்சினை ஓட்டுமய்யா, பொண்ணு பயத்த அளக்கட்டும்!"

வெளியே ஓலம் அடங்கிவிட்டது. ஒப்பாரியில் ஒரு பெண் எதையும் சொல்லலாம், யாரும் பதில் பேசக் கூடாது. நான் எர்கேஷிடம் போனேன்.

"கேட்டியாடா? ஒரு லாரியாவது போய் ஓட்டு. உன் அண்ணன் மகடா!"

"அண்ணனுக்கு மரியாதைன்னு நிறுத்தினது அக்கா. பொணத்த வெச்சுக்கிட்டு நான் எஞ்சின் ஓட்டினா ஊர் காறித் துப்பும்."

"துப்பட்டுமே! துடைச்சிக்கிட்டுப் போயேன்!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐயோ அண்ணா!" என்று முன்னைவிட உரக்க ஓலமிட்டான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே சைகால் அதே நான்கு வரியைக் குரல் கிழியக் கிழியத் திருப்பித் திருப்பிப் பாடினாள். வாசலில் மிஷின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது.

மத்தியானம் சங்கு ஊதவில்லை. மீரிம் வாசற்படியில் வந்து உட்கார்ந்து ரொட்டி தின்றது. அந்த நேரத்தில் அதை வெளியே பார்த்ததே இல்லை நான். என் பாவாடையைப் பிடித்து இழுத்தது.

"பெரியம்மா, குழியும் செத்துப்போச்சா?"

எத்தனை காலம் கழித்துக் கேட்கிற பேச்சு!

சனிக்கிழமை விடியும்போதே எஞ்சின்கள் உறுமின. மத்தியானம் வெடித்தது. பிள்ளை பழையபடி மேஜைக்கு அடியில் போயிற்று, பேச்சும் அதோடு போயிற்று.

பனி விழுந்த பிறகு, அளந்ததன் முடிவு காகிதமாக வந்தது. எர்கேஷ்தான் கொண்டுவந்தான். சைகால் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நானும் கூட இருந்தேன். அவன் தலை நிமிராமல் படித்தான். குழியிலிருந்து வரும் சத்தம் அளவுக்குள் இருக்கிறதாம். மறுபடி அளக்க மூன்று வருஷம் ஆகுமாம்.

"குழி ஓடலைன்னு ஒரு வரி எழுதறேன்னானே, எங்கடா அது?" என்றேன்.

"அதைக் காணோம்க்கா. இன்னொண்ணு இருக்கு." அவன் காகிதத்தைத் திருப்பினான். "அளவைத் தாண்டினது ஒண்ணே ஒண்ணுதானாம். முற்றத்துல ஒரு பொம்பளையோட குரல்."

சைகால் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப இந்த ஊர்ல சத்தம் போடறது நான்தானா? என்னையத்தான் வேற எடத்துக்கு மாத்தணும்."

எர்கேஷ் "அண்ணி..." என்று ஆரம்பித்தான். அதற்குள் சங்கு ஊதியது. மீரிம் ஏற்கெனவே மேஜைக்கு அடியில் இருந்தது. சைகாலும் குனிந்து உள்ளே போய், மாவுக் கையால் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். நானும் எர்கேஷும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திக்கொண்டு நின்றோம். வெடி முடிந்த பிறகும், விட்ட இடத்திலிருந்து பேச எங்களுக்கு வாய் வரவில்லை.