மூன்று எதிர்காலங்களும் அக்காவின் வயலும்

எதிர்காலத்தைக் கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. மழை, மண், மரம், பயிர் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், இருபது வருடம் கழித்து ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி எப்படி இருக்கும் என்று அது படம் போட்டுக் காட்டும். ஜோசியம் இல்லை. இப்படிச் செய்தால் இப்படி ஆகும், அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பொன்னமராவதிப் பக்கம் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரிலும் போய்க் காட்டினோம். மூன்று படங்கள். மேட்டிலிருக்கும் தைலமரங்களை எடுத்து, மழைத்தண்ணீர் இறங்கி வரும் வாரியையும் வெட்டிச் சுத்தம் செய்தால் கண்மாய் நிறையும்; அது முதல் படம். வாரியை மட்டும் வெட்டினால் பாதிக் கண்மாய். ஒன்றும் செய்யாவிட்டால் மூன்றாவது படம்: கண்மாய் வெறும் வெள்ளை, வயலெல்லாம் தரிசைக் குறிக்கும் மஞ்சள். ஊரே தலையாட்டியது. டீ கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டார்கள். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பார்ப்பார்களே, அதேபோல. ஒரு படத்துக்கு ஒரு நிறப் பூ, மூன்று பொட்டலம். பூசாரி எடுத்ததில் முதல் படத்துப் பூ வந்திருக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் போனில் கத்தினார். "மாப்ள, கண்மா நெறையும்னு சாமி உத்தரவு குடுத்துருச்சு! இந்த வருசம் கடலை வேணாம். நெல்லுதான் போடப்போறேன்."

"மச்சான், அது தானா நெறையாது. மரம் கவர்மெண்டு போட்டது, நம்ம கையில இல்ல, சரி. வாரியையாச்சும் வெட்டச் சொல்லுங்க."

"சாமியே சொன்னப்பறம் நீ என்னய்யா குறுக்க பேசிக்கிட்டு?"

மண்வெட்டியோடு ஒரு ஆள்கூட அங்கிட்டுப் போகவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அய்யனார்மேல் இல்லை, என் படத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்கள்மேல்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. அதுதான் கொடுமை. மேட்டில் விழுந்த தண்ணீர் தைலமரங்களுக்கு நடுவே தோண்டிய குழிகளில் நின்றுகொண்டது. மிச்சம் கருவேலம் மண்டிய வாரிக்குள் வழி தெரியாமல் பரவி வற்றியது. கண்மாய்க்குள் முழங்கால் அளவுக்குத்தான் வந்து சேர்ந்தது. கதிர் வரும் நேரத்தில் பயிர் கருகியது. கடலை போட்டிருந்தால் பெய்த மழைக்கே விளைந்திருக்கும்.

பொங்கலுக்குப் போனபோது வயலில் மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. "திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போறாராம். இனிமே வெவசாயமே வேணாம்னுட்டாரு" என்றாள் அக்கா.

அந்த வருடம் எந்த நிலத்தில் என்ன இருந்தது என்று, கணினிக்குக் கொடுக்கும் நிலப்படத்தில் வருடாவருடம் நான் திருத்தியாக வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்துதான் அதைச் செய்தேன். அவள் வயல் இருந்த சின்னக் கட்டத்தைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினேன். அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இருவது வருசம் கழிச்சுத்தான் மஞ்சளாகும்னு சொன்னியே தம்பி?" என்றாள்.