ஜம்போரனுக்கு அத்தை

தேரடி வீதி ஃபேன்ஸி ஸ்டோரில் பொம்மை விற்கும் தேவிப்ரியாவைக் கேட்டால், ஜம்போரன் ரோபோவுக்கு எந்தக் கையில் ரம்பம், எந்தக் காலில் ராக்கெட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். டிவி கார்ட்டூனில் தமிழ் பேசிய அந்த ரோபோவுக்குத் திருவண்ணாமலையில் ரசிகர் மன்றம் ஆரம்பித்ததும் அவள்தான். ஆனால் தலைவர் என்றால் ஆண்பிள்ளைதான் என்று சொல்லி, ஜெராக்ஸ் கடை சக்கரபாணி அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

2003இல் பொம்மை கம்பெனி ஜம்போரனின் பெயரை மாற்றியது. அதே ரோபோ, அதே ரம்பம். டப்பாவில் மட்டும் 'ஆல்ஃபா கமாண்டர்'. ஜெராக்ஸ் கடை மாடியில் மன்றம் கூடியது.

"கம்பெனிக்காரன் வச்ச பேரு, அவனே மாத்துறான். நமக்கு என்னடா?" என்றான் சக்கரபாணி.

"கமாண்டராம்! வாட்ச்மேன் வேலைக்கு ஆள் அனுப்புற ஆபீஸ் மாதிரி கீது," என்று மாறன் சிரித்தான். அவன் கூட்டத்திலேயே சின்னவன்.

தேவிப்ரியா எழுந்தாள். "இத்தினி வருஷமா கூப்ட்ட பேருண்ணா. வேற பேரச் சொன்னா அது திரும்பிப் பாக்குமா?"

"பொம்மைம்மா அது."

"பொம்மைக்கு எதுக்குண்ணா மன்றம்?"

கை தூக்கச் சொன்னார்கள். புதுப் பெயருக்குத்தான் ஜாஸ்தி. பழைய பெயரைச் சொல்பவருக்கு இனி மன்றத்தில் இடமில்லை என்று தீர்மானம் போட்டார்கள். சக்கரபாணி அதோடு விடவில்லை. முறைப்படி பெயர் சூட்டு விழாவே வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு புடவையில் தொட்டில் கட்டி, ரோபோவுக்குப் பொட்டு வைத்துப் படுக்க வைத்தார்கள். கேசரியும் தயார். குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்வது அத்தையின் உரிமை. மன்றத்தில் ஒரே பெண் தேவிப்ரியா, ஆகவே அவள்தான் அத்தை. அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் வம்பு தீர்ந்தது என்பது தலைவரின் கணக்கு.

"அதுக்குக் காது ஏதுடா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆண்டெனா பக்கமா சொல்லுக்கா," என்றான் மாறன்.

புதுப் பெயரைச் சொன்னால் மன்றத்தில் இருக்கலாம். இல்லையென்றால், தான் ஆரம்பித்த இடத்திலிருந்தே வெளியே போக வேண்டும். தேவிப்ரியா தொட்டிலின் மேல் குனிந்தாள். மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஜம்போரன். ஜம்போரன். ஜம்போரன்."

மாறன் விசிலடித்தான். சக்கரபாணி கேசரித் தட்டைக் கீழே வைத்தான். "வேணும்னே பண்ற. வெளிய போ!"

"போறேன். ஆனா அத்தை வச்ச பேரு வச்சதுதான். உனக்கு யாரு பேரு வச்சாங்கன்னு வீட்ல போய்க் கேட்டுப் பாருண்ணா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். யாரும் பின்னால் வரவில்லை.

மறுநாள் கடையில் ஒரு அம்மா, "இது என்ன பொம்மை?" என்று கேட்டார்.

"ஜம்போரன்க்கா."

கல்லாவிலிருந்து முதலாளி ராமகிருஷ்ணன் அதட்டினார். "ஏம்மா, டப்பால வேற பேரு போட்டிருக்கு இல்ல? அதச் சொல்லு."

"டப்பால இருக்கறத அவங்களே படிச்சுக்குவாங்க சார். வாயால சொல்றதுக்குத்தான நான் நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, அந்தம்மா கைகாட்டிய சிவப்புப் பொம்மையை எடுக்க ஏணியில் ஏறினாள்.