இறங்கியாச்சு அக்கா

அந்த விமானத் தளத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். பெரிய விமானங்கள் வந்து போகிற இடம் இல்லை அது. ஒரே ஒரு ஓடுபாதை, தகரக் கொட்டகைக்குள் சில குட்டி விமானங்கள், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள், அவர்களைத் திட்டுவதற்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர், இரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அந்த அறையில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து யார் ஏறலாம், யார் இறங்கலாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வது அவள் வேலை. அதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் அறிவித்துக்கொண்டிருந்தாள். "அங்க நான் சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல. இங்க வாங்கலேன்னா மண்டை உடையும்" என்பாள்.

வானத்தில் போகிறவர்களுக்கு வழி சொல்கிற இந்த மகராசிக்கு உயரம் ஆகாது. இரும்புப் படியில் சுவரைத் தடவிக்கொண்டே ஏறுவாள். ஒரு முறையாவது கூட வாருங்கள் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "நான் மேல வந்துட்டா உங்கள யாருடா கீழ எறக்குறது?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் கணவர் அதே தளத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டினார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தண்ணிவண்டி. மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வண்டியைத் துடைப்பதும், நுரைக் குழாயைச் சரிபார்ப்பதும், நிழலில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதுமாக அவர் நாள் போகும். "நான் சும்மா உக்காந்திருந்தா ஊரு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பது அவர் வாதம். அதில் தப்பு சொல்ல முடியாது.

மைக் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எங்கே கிளம்பினாலும், "போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்பாள். தெருமுனைக் கடைக்குப் போகிற புருஷனையும் விட்டுவைக்க மாட்டாள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், அவளுக்கு அது விளையாட்டு இல்லை. அவள் அப்பா லாரி ஓட்டியவர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கோ ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து போய்விட்டார். சேதி வந்து சேரும்வரை வீட்டில் அவருக்கும் சேர்த்தே சமைத்து, மூடி வைத்துக் காத்திருந்தார்கள். அந்த மூடி வைத்த தட்டை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

இந்தப் பழக்கத்தைத் தளத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். தரையிறங்கியதும் ரேடியோவில் சொல்ல வேண்டிய முறையான சொற்கள் உண்டு. அதைச் சொல்லி முடித்த பிறகு, "இறங்கியாச்சு அக்கா" என்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். தலைமைப் பயிற்சியாளர் முதலில் முறைத்தார். கொஞ்ச நாளில் அவரே, தலையில் நரை தெரிகிற மனிதர், "இறங்கியாச்சு அக்கா" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். யாராவது மறந்துவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் மடக்கிப் பிடிப்பாள். "ஏன்டா, ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

ஒரு நாள்கூட மறக்காதவன் தும்மல். முதன்முதலாக ரேடியோவில் பேச வாய் திறந்தபோது அடுக்கடுக்காகத் தும்மினான். அன்று வைத்த பெயர். அவன் அம்மா தையல்காரி. புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மெஷினை மிதித்தே அவனை விமானம் ஏற்றினாள். அவன் தனியாகப் பறந்து இறங்கிய முதல் நாள், "இறங்கியாச்சு அக்கா, அம்மாவுக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றான். அவளும் சொன்னாள். போனிலேயே இரண்டு பெண்களும் சிரித்து அழுதார்கள்.

அது நடந்தது ஒரு மத்தியான வேளை. தும்மல் தனியாகப் பறந்துகொண்டிருந்தான். திடீரென்று அவன் குரல் வந்தது. "அக்கா, இன்ஜின் நின்னுடுச்சு."

அவள் மைக்கை அருகே இழுத்துக்கொண்டாள். பதற்றத்தைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொன்னாள். ஓடுபாதைவரை வந்து சேர முடியாது என்றான். வேலிக்கு அப்பால் அறுவடை முடிந்த வயல் ஒன்று தெரிகிறது, அதில் இறக்குகிறேன் என்றான். "எல்லாத்தையும் அணைக்கிறேன் அக்கா" என்றான். அத்தோடு ரேடியோ செத்தது.

அந்த நேரத்தில் ரேடியோ சாக வேண்டியதுதான் முறை. குட்டி விமானத்துக்கு இறக்கைக்குள்தான் பெட்ரோல். கரடுமுரடான தரையில் இறங்கும்போது இறக்கை கிழிந்தால் அத்தனையும் கொட்டும். மனிதன் அடிபடாமல் தப்பினாலும் ஒரு சின்னப் பொறி போதும். அதனால் தரையைத் தொடுவதற்கு முன்பே பெட்ரோலை அடைக்க வேண்டும், மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், கதவு நசுங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். நின்றதும் இறங்கி ஓட வேண்டும். பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தும்மல் எல்லாவற்றையும் செய்தான்.

கண்ணாடி அறையில் பைனாகுலரோடு நின்ற தலைமைப் பயிற்சியாளர் கத்தினார். "பூ மாதிரி எறக்கிட்டான்டா!" கடைசியில் மட்டும் ஒரு இறக்கை வரப்பில் இருந்த கல்லில் மோதிக் கிழிந்தது. விமானம் அரை வட்டம் சுற்றி நின்றது.

மைக் அக்கா மைக்கை எடுத்துக் கூப்பிட்டாள். சுவிட்ச் அணைந்திருக்கும், அவன் காதில் விழாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த மூளை வேறு, கூப்பிட்ட வாய் வேறு. மறுபடியும் கூப்பிட்டாள். அப்போது பதில் வந்தது.

"இறங்கியாச்சு அக்கா. நல்லா இருக்கேன்."

அறையே கைதட்டியது. "வயித்துல பால வார்த்தடா கண்ணு" என்றாள் மைக் அக்கா. அவள் சொல்லி முடிப்பதற்குள் வயலில் புகை எழுந்தது. முதலில் வெள்ளையாக, உடனே கரியாக. தண்ணிவண்டி வேலியைச் சுற்றிக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியை அடித்து ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது நுரை அடிக்க மட்டுமே வேலை இருந்தது. அவன் இடுப்பு பெல்ட் கழற்றப்படாமலே இருந்தது.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அவன் பதில் சொன்னதையும் சொன்னாள். அவர் குறிப்பெழுதுவதை நிறுத்தினார்.

"நின்னதுக்கு அப்புறமா பதில் வந்துச்சு?"

"ஆமா சார்."

"சுவிட்ச் அணைஞ்சிருந்தா ரேடியோ பேசாதேம்மா."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் ரேடியோவோடு குடித்தனம் நடத்தியவள், அந்த நேரத்தில் பதில் வந்த சந்தோஷத்தில் இதை நினைக்கவே இல்லை. அணைத்த சுவிட்சை அவன் மறுபடி போட்டிருக்கிறான். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், கதவைத் தள்ளுவதற்கு முன்னால், கீழே பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்க, அக்கா காத்திருப்பாளே என்று போட்டிருக்கிறான்.

சுவிட்ச் போட்டதில் வந்த பொறியாக இருக்கலாம், இன்ஜினின் சூடான புகைக்குழாயாகவும் இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினார்கள். தண்ணிவண்டி அந்த இரண்டாவது காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "குழாய் அனலா கொதிச்சிருக்கும். அதுலயே பத்தியிருக்கும். நீ ஏன் உன் தலைல போட்டுக்குற?"

"குழாய் அதுவரைக்கும் கொதிக்கலயா? அவன் வாயத் தொறக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துச்சா?" என்றாள். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். நல்லா இருக்கேன் என்று சொன்னவனை நெருப்பு கொண்டுபோனதே, அதற்கு என்ன பழமொழி இருக்கிறது?

அதற்குப் பிறகு யாரும் "இறங்கியாச்சு அக்கா" சொல்லவில்லை. யாரும் தடை போடவில்லை, பிள்ளைகளாகவே விட்டுவிட்டார்கள். முறையான சொற்களோடு ரேடியோ அடங்கிவிடும். அந்த அமைதி அவளைத் தின்றது.

காரியம் எல்லாம் முடிந்து தையல்காரி ஒரு சனிக்கிழமை வந்தாள். படியேறி, மூச்சு வாங்க நின்று கேட்டாள். "கடைசியா உன்கிட்ட பேசினானாமே. என்னம்மா சொன்னான்?"

"இறங்கியாச்சு அக்கா, நல்லா இருக்கேன்னு சொன்னாம்மா."

"நல்லா இருக்கேன்னா?" தையல்காரியின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "அப்போ பயந்து சாகல. பெத்தவளுக்கு அது போதும்மா."

அதிலிருந்து பெரும்பாலான சனிக்கிழமைகளில் வந்துவிடுவாள். மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஏறுகிற, இறங்குகிற விமானங்களைப் பார்ப்பாள். புறப்படும் முன், "அவன் சொன்ன மாதிரியே ஒரு தடவ சொல்லும்மா" என்பாள். மைக் அக்கா சொல்வாள். உண்மையை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் வீட்டிலிருந்து கிளம்புவாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டுவிடுவாள்.

"அந்தம்மாவுக்கு மிஞ்சினது அந்த ஒத்த வார்த்தைதான். அதையும் புடுங்கணுமா?" என்றார் தண்ணிவண்டி.

"அதச் சொல்லத்தான் சுவிட்சப் போட்டான்னு தெரியாம அந்தம்மா எனக்கு நன்றி சொல்லுதே, அதான் தாங்கல" என்றாள் அவள்.

தையல்காரி கிளம்பும்போது மட்டும் பழைய பழக்கம் முந்திக்கொள்ளும். "வீட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணிடுங்கம்மா." அவளும் மறக்காமல் பண்ணுவாள். "வந்துட்டேம்மா." அவ்வளவுதான் பேச்சு. அந்தப் போன் வந்த பிறகுதான் மைக் அக்கா சாப்பிட உட்காருவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, தையல்காரி மூலை நாற்காலியில் இருக்கும்போதே, ரேடியோவில் ஒரு பெண் குரல் பதறியது. பிள்ளைகள் கண்ணாடி என்று கூப்பிடுகிற பெண், சோடாபுட்டிக் கண்ணாடி. "அக்கா, இன்ஜின் நிக்குது. ஓடுபாதைக்கு வர முடியாது. எனக்கு பயமா இருக்கு. பேசிக்கிட்டே இருங்க அக்கா."

அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மைக் அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காற்றைச் சொன்னாள், கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியைச் சொன்னாள். பிறகு சொன்னாள்.

"நல்லா கேட்டுக்கடா கண்ணு. இப்போ பெட்ரோல அடை. கதவத் தொறந்து வை. மெயின் சுவிட்ச அணை. அணைச்சா அணைச்சதுதான், மறுபடி தொடாத. கீழ வந்ததும் என்கிட்ட பேசாத. நான் கூப்பிடவும் மாட்டேன். எனக்குப் பதில் வேணாம். ஒரு வார்த்தை சொல்றேன்னு உள்ள உக்காந்துடாத. இறங்கி ஓடு."

"சரி அக்கா" என்றது குரல். ரேடியோ செத்தது.

மைக் அக்கா மைக்கை மேஜையில் வைத்தாள். வைத்த கை அதை நோக்கியே போனது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்து வைத்தாள். கொட்டகைக் கூரை மறைத்ததால் புல்வெளி தெரியவில்லை. புகை வருகிறதா என்று எல்லோரும் கூரைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணிவண்டியின் வாக்கிடாக்கிதான் முதலில் கரகரத்தது. "பொண்ணு வெளிய நிக்குது. முழுசா இருக்கு. ஒரு கண்ணாடிதான் உடைஞ்சிருக்கு, மூக்குக் கண்ணாடி." மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னார். "டேங்க் கிழிஞ்சு ஆறா ஓடுது பெட்ரோல். நுரை அடிச்சாச்சு. தீ பத்தல."

தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் விழுந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பியபோது தையல்காரி மூலையில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா அந்தப் பொண்ண பேச வேணாம்னு சொன்ன?"

மைக் அக்கா மேஜையில் கிடந்த மைக்கைத் தள்ளி வைத்தாள்.

"பேசினா என்ன ஆகும்?"

"சுவிட்சப் போட்டாத்தாம்மா பேச முடியும். போட்டா பொறி வரும். கீழ பெட்ரோல் கிடக்கும்."

தையல்காரி அவளையே பார்த்தாள். மெஷினில் ஊசி கோக்கப் பழகிய கண்கள், எதையும் தவறவிடாதவை.

"என் புள்ள பேசினானே."

"ஆமாம்மா."

"உன்கிட்ட சொல்றதுக்காகவா?"

"ஆமாம்மா. நான்தான் எல்லாரையும் சொல்லச் சொல்லிப் பழக்கினேன்."

தையல்காரி கத்தவில்லை, சபிக்கவில்லை. கத்தியிருந்தால் மைக் அக்காவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். நாற்காலியில் கிடந்த பையை எடுத்தாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். மைக் அக்கா வாசல்வரை போய் நின்றாள். போனதும் ஒரு போன் பண்ணுங்கம்மா என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். தையல்காரி திரும்பிப் பார்க்காமல் சாலைக்குப் போய்ப் பேருந்து ஏறினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மைக் அக்கா போனை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். பேருந்து எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். தண்ணிவண்டி சாப்பிட்டு முடித்தார். அவள் தட்டு மூடியபடியே இருந்தது.

"நீயே ஒரு போன் போட்டுப் பாரேன்" என்றார்.

"வேணாங்க."

"போய்ச் சேர்ந்தாங்களான்னாவது தெரியும்ல?"

"நான் கேட்டா அவங்க பதில் சொல்லணும்னு ஆயிடும்" என்றாள். "இந்த ஒரு தடவையாவது நான் கேக்காம இருக்கேன்."

அவர் விளக்கைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் மூலை நாற்காலி காலியாகவே இருந்தது.