முனியாண்டி கோயில் ஜப்பான் வாள்

எங்கள் ரப்பர் தோட்டத்து முனியாண்டிக்கு முன்னால் நின்றது ஜப்பான்காரன் வாள். இதைச் சொன்னால் ஈப்போவில் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஜப்பான்காரன் சண்டையில் தோற்று மலாயாவை விட்டுப் போன பிறகு ஆபீஸ் ஸ்டோரில் கிடந்ததாம். சாமி காலடியில் வைத்தால் அதன் வெறி அடங்கும் என்று யாரோ கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அப்புறம் வெறியை மறந்துவிட்டு வாளையே கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் அப்பி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சூடம் காட்டுவார்கள்.

அம்மா அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. அரிசி திருடினான் என்று சொல்லி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து ஆட்களையெல்லாம் நிற்க வைத்து, அவளுடைய அண்ணனை ஜப்பான் அதிகாரி ஒருவன் வெட்டினான். அம்மா அப்போது சிறுமி. கண்ணை மூடினால் அடி விழும் என்று மூடாமல் பார்த்தவள். "அந்தக் கத்திக்கா நான் கையெடுக்கணும்?" என்பாள்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. எங்களில் பாதிப் பேர் ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்கு வந்து சேர்ந்தோம். முனியாண்டிக்கும் அங்கே ஒரு கொட்டகை போட்டார்கள், சரியாக எங்கள் வீட்டுக்கு எதிரே. வாளும் வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சாமி வரட்டும். அது வரக்கூடாது. விடிஞ்சு கதவத் தொறந்தா அது மூஞ்சியிலயா முழிக்கணும்?"

அவள் வாயை அடைக்கக் கோயில் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "தங்கச்சி, இது ரொம்பப் பழைய கத்தின்னு எங்கப்பா சொல்வாரு. சண்டைக்கு முந்தியே செஞ்சதுன்னா, ஒங்க அண்ணன வெட்டுனது இது இல்லன்னு ஆயிரும்லா. டவுன்ல ஒரு சீனத் தவுக்கே இருக்காரு, பாத்ததும் சொல்லிருவாரு. வாங்க, போலாம்."

பழைய கத்தி வெட்டாதா? என்ன மூளையோ!

அம்மாவுக்கு மலாய் புரியாது என்பதால் நானும் கூடப் போனேன். பழைய டவுனில் இருந்தது அந்தப் பழம்பொருள் கடை. கடை முதலாளியான தவுக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாளை உருவினார். உருவியதும் முகம் சுருங்கியது. யார் இதைத் தேய்த்தது என்று மலாயில் கத்தினார். வெட்டும் விளிம்பு ஓரமாக அலையலையாக ஓட வேண்டிய வெள்ளைக் கோடு புளியிலும் சாம்பலிலும் மங்கிப் போயிருந்தது. எலுமிச்சைச் சாறு வழிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. சாமிக்காகத் தேய்த்தார்கள் என்றேன். "அலாமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மாவின் அண்ணன் கதையைச் சொன்னபோது வெறுமனே தலையாட்டியவர்தான் இவர்.

உறையும் பிடியும் பட்டாளத்துச் சரக்கு என்றார். பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினார். உள்ளே இரும்பு கறுப்பாகத் துருவேறிக் கிடந்தது. நல்லவேளை, இங்கே உங்கள் கை படவில்லை என்று சந்தோஷப்பட்டார். அந்தத் துருவில்தான் வயதைப் பார்ப்பார்களாம். வாளுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்குமாம். வீட்டிலிருக்கும் பழைய வாளைப் பட்டாளத்துப் பிடியில் மாட்டிச் சண்டைக்கு எடுத்து வந்த அதிகாரிகள் நிறையப் பேராம். தலைவரின் சாமர்த்தியம் அங்கேயே படுத்துவிட்டது.

துருவுக்கு நடுவே தங்கத்தில் எழுத்து மின்னியது. சீன எழுத்து மாதிரியே இருந்ததால் தவுக்கே விரல் வைத்துப் படித்தார். ஒரு பக்கம் வாளைச் செய்தவன் பெயர். மறு பக்கம் அதைச் சோதித்தவன் பெயர். தண்டனையில் செத்த இரண்டு பேரின் உடம்பை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடத்தி, ஒரே வீச்சில் துண்டாக்கிச் சோதித்தானாம். அதைத் தங்கத்தில் வேறு எழுதி வைத்திருக்கிறான், பாவி! "பாகுஸ், பாகுஸ்!" என்று தவுக்கே பூரித்துப் போனார். தலைவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா, எம்மாஞ் சக்தி! முனியாண்டி சும்மாவா பிடிச்சு வச்சிருக்காரு!"

கருமம், கருமம். இதற்குப் பெயர் பக்தியாம்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னடா எழுதிருக்கு?"

சொன்னேன்.

"செஞ்சவன் பேரு இருக்கா?"

"இருக்கும்மா."

"வெட்டுனவன் பேரு?"

"இருக்கு."

"வெட்டுப்பட்டவங்க பேரு?"

தவுக்கேயிடம் கேட்டேன். அதை எதற்கு எழுதுவார்கள் என்று சிரித்தார்.

அம்மா எழுந்தாள். தொட்டுக் கும்பிடப் போகிறாள் என்று நினைத்துத் தலைவர் வழி விட்டார். அவள் குனிந்து, நன்றாகக் காறி, வாளின் மேல் துப்பினாள்.

"ஐயோ! சாமி பொருள எச்சிப் பண்ணிட்டியே!" என்று தலைவர் அலறினார்.

"ஆமாண்ணே, எச்சிதான். இப்பக் கொண்டுபோயி வைங்க சாமி முன்னாடி, பாப்போம்."

தலைவர் வாளைத் தொடவில்லை. நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இனி அது கொட்டகைக்கு வராது என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. தவுக்கேதான் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்து, பிள்ளைக்கு வாய் துடைப்பது போல அந்த வாளைத் துடைத்தார். எச்சில் பட்டால் இரும்பு கெட்டுவிடும் என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏன், எங்கண்ணன் ரத்தம் பட்டுக் கெடலியே" என்றாள் அம்மா.