தியோபிலோவின் கம்பளி

"இந்த மனுஷன் கையில ஒண்ணு தங்குமா? கேட்டவனுக்கும் குடுப்பாரு, கேக்காதவனைக் கூப்பிட்டும் குடுப்பாரு!"

பௌஸ்தினா சுல்க்கா இதைச் சொல்லாத நாள் பெரு நாட்டு மலையூரான வாமாங்காவின் சந்தையில் கிடையாது. அவித்த சோளத்தை அள்ளிப் போட்டுக்கொண்டே சொல்வாள், சீஸை நறுக்கிக்கொண்டே சொல்வாள். புதிதாகக் கேட்பவர்கள், புருஷன் தியோபிலோ வீட்டில் சுகமாகப் படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனை ராணுவம் பிடித்துக்கொண்டு போய் இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

போர் நடந்த காலம். மலையிலிருந்து துப்பாக்கியோடு இறங்கி வந்த கிளர்ச்சிக்காரர்கள் உருளைக்கிழங்கு கேட்டார்கள். தியோபிலோ கொடுத்தான். மறுவாரம் வேறு துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் வந்து, "ஏன் கொடுத்தாய்?" என்று கேட்டார்கள். குளிர் கடுமையாக இருந்ததால் பௌஸ்தினா ஓடிப்போய் அவன் தலைவழியே கம்பளியை மாட்டிவிட்டாள். நடுவில் கழுத்துக்குத் துளை விட்டு அவளே நெய்த கம்பளி. ஒரு மூலையில் சிவப்பு நூல் தீர்ந்துபோக, பச்சை போட்டு ஒப்பேற்றியிருந்தாள்.

"பத்திரம்! இதையும் எவனுக்காவது தூக்கிக் குடுத்துடாதீங்க!" என்று கத்தினாள். அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவள் தேடிப் போன ராணுவ முகாம் வாசலில் ஒரு சார்ஜென்ட் இருந்தான். மூக்கால் பேசுவான். "இங்க அப்படி யாருமே இல்லம்மா. உன் புருஷன் எவளையாவது கூட்டிக்கிட்டு லீமாவுக்குப் பஸ் ஏறியிருப்பான்." பௌஸ்தினா அதே மூக்கால் திருப்பிக் கொடுத்தாள்: "அந்த ஆளா? பஸ் டிக்கெட்டையும் பக்கத்துல நின்னவனுக்குக் குடுத்துட்டு நடந்துல்ல வந்திருப்பாரு!"

சிரித்தது அவள் மட்டும்தான். வீட்டுக்கு வந்தால், ஆணியில் அவன் பழைய கால்சட்டை அழுக்கோடு தொங்கும். அவர்கள் ஊரில் செத்தவரின் துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்துவிட்டுத்தான் மற்ற காரியம். துவைத்தால் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். அவள் துவைக்கவில்லை.

அப்புறம் ஒரு வருஷம், முகாமுக்குப் பின்னால் இருந்த புதைகுழியைத் தோண்டினார்கள். கிடைத்த துணிகளை மண்டபத்தில் மேஜை மேஜையாகப் பரப்பி, அடையாளம் காட்ட வரச்சொல்லி வானொலியில் அறிவித்தார்கள். நான்காவது மேஜையில் பௌஸ்தினா நின்றுவிட்டாள். மண்ணேறிய கம்பளி. மூலையில் பச்சை.

"வந்துட்டீங்களா!" என்று அதைப் பார்த்துத் திட்டினாள். "எத்தனை வருஷம் அலைய விட்டீங்க! மரியாதையா வீட்டுக்கு வாங்க!"

அன்றே சவப்பெட்டிக்குச் சொல்லிவைத்தாள். ஆணியிலிருந்த கால்சட்டையை இறக்கி மடித்து வைத்தாள், துவைப்பதற்கு.

சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். எலும்பு ஆராய்கிற இளைஞன் லீமாக்காரன். பூசையில் படிப்பதுபோலப் பேசுவான். "அம்மா, தயவுசெய்து உட்காருங்கள். கம்பளி உங்களுடையதுதான். ஆனால் எலும்பு உங்கள் கணவருடையது அல்ல. பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையனுடையது."

"கம்பளியை நெய்தவ நானு. எனக்குத் தெரியாதா, யாருக்குப் போட்டேன்னு?"

பக்கத்து நாற்காலியில் லியோகாதியா என்றொருத்தி அழுதுகொண்டிருந்தாள். கம்பளிக்குள்ளே கிடந்தது பள்ளிக்கூட ஸ்வெட்டர். அவள் மகன் ஏபெலுடையது. அவள் ரத்தத்தோடு எலும்பை ஒப்பிட்ட பரிசோதனையும் ஒத்துப்போயிருந்தது.

"ராத்திரி படுக்கையிலேருந்து அப்படியே இழுத்துட்டுப் போனாங்கக்கா," என்றாள். "காய்ச்சலா கிடந்தான். நடுங்கிக்கிட்டே போனான்."

பௌஸ்தினா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், "குடுத்துட்டாரு. அங்க போயும் குடுத்துட்டாரு."

"அப்போ அவரு எங்க?" என்று இளைஞனிடம் கேட்டாள். அவன் பட்டியலைப் புரட்டிக் காட்டினான். அந்தக் குழியிலிருந்த மற்றவர்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். பலரை முகாமிலேயே உலையில் எரித்ததாகச் சொல்கிறார்கள். எலும்பு ஏதாவது கிடைத்தாலும் ஒப்பிட, தியோபிலோவுக்குப் பிள்ளை இல்லை, உடன்பிறப்பு இல்லை. கம்பளி ஒன்றுதான் அடையாளமாக இருந்தது.

அடக்கத்தன்று லியோகாதியா கம்பளியை நீட்டினாள். "உங்களுதுக்கா. எடுத்துக்குங்க."

"போத்திவிடு அவனுக்கு," என்றாள் பௌஸ்தினா. "குடுத்ததைத் திருப்பி வாங்குனேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் என்னைச் சும்மா விடுவாரா?" வீட்டுக்கு வந்து கால்சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகும் முகாம் வாசலுக்குப் போனாள். சார்ஜென்ட்டுகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. லியோகாதியாவும் கூடவே போனாள். கடைசியில் பௌஸ்தினாவால் எழுந்திருக்க முடியாமல் போனது. அப்போது தலைமாட்டில் உட்கார்ந்து, "கவலைப்படாதீங்கக்கா, ஏபெல் பக்கத்துல உங்களுக்கு இடம் வச்சிருக்கேன்," என்றாள் லியோகாதியா. "அவரு துணியையும் ஆத்துல அலசிடுறேன். ரெண்டு பேரும் நிம்மதியாப் போய்ச் சேருங்க."

பௌஸ்தினா கண்ணைத் திறந்தாள்.

"உன் பையன் பக்கத்துல படுத்துக்கிறேன், சரி, என் கம்பளி அங்கதானே இருக்கு, குளிராது. ஆனா அந்தக் கால்சட்டையில கை வைக்காதே. உனக்குக் கிடைச்சிருச்சுன்னு வீட்டுல உக்காந்துடாம, வாசலுக்குப் போய் எங்க போட்டீங்கன்னு கேளு. சொல்லமாட்டானுங்க, தெரியும், இருந்தாலும் கேளு. செத்தவங்க துணியைத்தான்டி துவைப்பாங்க. அவரு செத்துட்டாருன்னு இன்னும் எவனும் என்கிட்ட ஒத்துக்கலையே!"